விலையும் வினையும்



விவேக் நகரின் தேநீர்க் கடைகளில் மாலை வேளைகளில் கூடும் நம் இளைஞரிடையே ஆண்டுதோறும் ஒரு விவாதம் மூள்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஐ.பி.எல். கிரிக்கெட் வீரர்களின் ஏலம் நெருங்கும்போது, இன்ன ஆட்டக்காரரைப் பெங்களூரு அணி எடுக்கலாமா, கூடாதா என்று அவர்கள் வழக்காடுவர். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் பற்றிய பேச்சு விரைவில் ஓய்ந்துவிடும். பின்னர் ஒருவர், "நன்றாக ஆடுவான், ஆனால் ஆள் சரியில்லையாம்" என்பார். அந்த நொடியிலிருந்து ஆட்டம் மறந்துபோகும்; ஆளே பேச்சுப் பொருளாவான்.

'சரியில்லையாம்' என்னும் அச்சொல்லை நாம் சற்றே உற்று நோக்க வேண்டும். தான் கண்டறியாததைப் பிறர் வாய்க் கேட்டுச் சொல்லும்போது, அதனை மறைக்காமல் உணர்த்துவதற்கென்றே நம் மொழி 'ஆம்' என்னும் ஈற்றை வைத்திருக்கிறது. அது கேட்பவருக்குத் தரும் எச்சரிக்கை. ஆயினும் அச்சொல் மூன்று வாய் மாறுவதற்குள் 'ஆம்' உதிர்ந்துபோய், 'சரியில்லை' என்பது மட்டும் எஞ்சிவிடுகிறது. செவிவழிச் செய்தியாக இருந்தது தீர்ப்பாகிவிடுகிறது.

நிற்க. ஆடுகளத்திற்கு வெளியே ஓர் இளைஞன் நடந்துகொள்ளும் விதம் ரசிகர்கள் ஆராயத்தக்கதுதானா? ஆராயத்தக்கதெனில் எவ்வாறு ஆராய்வது? பஞ்சசீலத்தை ஏற்ற நாம் இவ்வினாவை வெறும் விளையாட்டுப் பேச்சென ஒதுக்கிவிட முடியாது. பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலம் இதில் அடங்கியிருக்கிறது.

இவ்வழக்காடல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களில் கால்பந்து ஆடித் தேர்ந்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தெடுக்கும் வழக்கம் 1936ஆம் ஆண்டு தொடங்கியது. இந்நாளில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் முறைவைத்து வீரர்களைத் தெரிவு செய்கின்றன. முதற்சுற்றில் எடுக்கப்படுபவனுக்குப் பெருஞ்செல்வம் கிடைக்கும். பிந்தப் பிந்த அது குறையும். ஆகவே அத்தெரிவுக்கு முந்திய வாரங்களில் ரசிகர்கள் இளைஞர்களின் ஓட்டத்தையும் உடல்வலிமையையும் அளப்பதோடு நில்லாது, அவர்களுடைய நடத்தையையும் அளக்கத் தலைப்படுகின்றனர். அங்கு நிகழ்ந்த இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியன.

2015ஆம் ஆண்டில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேயெல் காலின்ஸ் என்னும் இளைஞர் முதற்சுற்றிலேயே எடுக்கப்படுவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். தெரிவுக்குச் சில நாட்களுக்கு முன், அவருக்கு முன்பு பழக்கமாயிருந்த ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல் துறையினர் காலின்ஸிடம் பேச விரும்பினர். அவர் சந்தேகத்திற்கு உரியவர் அல்லர் என்றும் கூறினர். ஆயினும் 'ஆம்' உதிர்ந்துவிட்டது. ஏழு சுற்றுகளிலும் அவரை எடுப்பார் இல்லை. பின்னர் அவர் காவல் துறையினரிடம் பேசி, ஐயம் நீங்கியபின், டல்லஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இழந்த பொருள் இழந்ததே.

மற்றொன்று ஜோ மிக்சன் என்பவரைப் பற்றியது. 2014ஆம் ஆண்டில் ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவராயிருந்த இவர், ஓர் உணவகத்தில் ஒரு பெண்ணை முகத்தில் குத்தி வீழ்த்தினார். இது செவிவழிச் செய்தியன்று. அக்காட்சியின் பதிவு 2016 டிசம்பரில் உலகம் காண வெளியாயிற்று. அவர் மன்னிப்புக் கோரினார். சில அணிகள் அவரைத் தீண்ட மாட்டோம் என்றன. ஆயினும் 2017ஆம் ஆண்டில் இரண்டாம் சுற்றிலேயே சின்சினாட்டி அணி அவரை எடுத்துக்கொண்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குற்றமற்றவர் ஒருவர் வதந்தியால் ஏழு சுற்றுகளையும் இழந்தார். செய்த குற்றம் கண்ணெதிரே தெரிந்த ஒருவர் இரண்டாம் சுற்றிலே இடம் பெற்றார். சந்தையின் தராசு இத்தகையது. அதில் குற்றம் குற்றமாக நிறுக்கப்படுவதில்லை. எத்தனை இடம் கீழிறக்கும், எவ்வளவு பணம் குறைக்கும் என்றே நிறுக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இது வேறன்று. 2018ஆம் ஆண்டு ஜனவரி 27, 28 ஆகிய நாட்களில் இதே பெங்களூருவில் நடைபெற்ற ஏலத்தில், இந்நகரிலே பிறந்தவரான கே. எல். ராகுலைப் பஞ்சாப் அணி 11 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், தொலைக்காட்சி நேர்முக நிகழ்ச்சி ஒன்றில் ஹார்திக் பாண்டியா பெண்களைக் குறித்து இழிவுபடப் பேசியதும், உடனிருந்த ராகுல் அப்பேச்சில் பங்குகொண்டதும் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயின. ஆஸ்திரேலியாவில் இருந்த இருவரையும் கிரிக்கெட் வாரியம் இடைநீக்கம் செய்து திருப்பியனுப்பியது. இருவரும் மன்னிப்புக் கேட்டனர். இரண்டு வாரத்திற்குள் தடை தற்காலிகமாக நீக்கப்பட்டது. ஏப்ரலில் விசாரணையாளர் நீதியரசர் டி. கே. ஜெயின், ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் விதித்தார். பணியில் உயிர்நீத்த பத்துத் துணை இராணுவக் காவலர்களின் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சமும், பார்வையற்றோர் கிரிக்கெட்டிற்குப் பத்து லட்சமும் அதிலிருந்து செல்ல வேண்டுமென ஆணையிட்டார். 2022இல் லக்னோ அணி ராகுலை 17 கோடி ரூபாய்க்குச் சேர்த்துக்கொண்டது.

இச்செய்தியை ஈண்டுக் கூறுவது அவ்விளைஞர்களை மீண்டும் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கு அன்று. தவற்றை ஒப்புக்கொண்டு, விதித்ததை ஏற்று, தம் தொழிலுக்குத் திரும்பியவர்களை நாம் மீண்டும் மீண்டும் பழிப்பது அறமாகாது. நாம் காண வேண்டியது வேறொன்று. விலை 11 கோடியிலிருந்து 17 கோடியாக உயர்ந்தது என்பது தவறு கழிந்துவிட்டது என்பதற்குச் சான்றன்று. குறைந்திருந்தால் அது தவறு பெரிது என்பதற்கும் சான்றாகியிராது. விலை வேறு, வினை வேறு.

இத்தகைய விவாதங்களில் இரண்டு கட்சியார் உண்டு. "நமக்கு வேண்டியது ஆட்டம், அவன் வீட்டில் எப்படி இருந்தால் நமக்கென்ன?" என்பர் ஒரு சாரார். "ஒருமுறை தவறியவன் என்றும் தவறியவனே; அவனை எடுக்கவே கூடாது" என்பர் மறுசாரார். பகவான் புத்தரின் போதனை இவ்விரண்டையும் ஏற்பதில்லை.

அங்குலிமாலரின் வரலாற்றை நாம் அறிவோம். எத்தனையோ உயிர்களைக் கொன்ற அவரைத் ததாகதர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஆகவே தவறியவன் என்றும் தவறியவனே என்னும் கூற்று வீழ்ந்தது. ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர் மீது கல்லும் கோலும் வந்து விழுந்தன. தலை உடைந்து, பாத்திரம் உடைந்து, குருதி வழிய அவர் திரும்பியபோது, 'உன் வினையின் பயன் இது. பொறுத்துக்கொள்' என்னும் கருத்துப்படவே பகவான் கூறினார். திருந்தியவர் என்பதால் வினை மாயமாய் மறைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆகவே, திறமையோ துறவோ வினையை மறைக்கும் என்னும் கூற்றும் வீழ்ந்தது.

இனி, பழி சுமத்தப்பட்டவரைப் பற்றி. மல்லர் குலத்தில் தோன்றிய தப்ப மல்லபுத்திரர் என்னும் பிக்கு, வருவோர்க்கு இருப்பிடமும் உணவு முறையும் ஒதுக்கிக்கொடுக்கும் பணியில் இருந்தார். நல்ல உணவு தமக்குக் கிட்டவில்லை என்று சினந்த இரு பிக்குகள், ஒரு பிக்குணியைத் தூண்டி அவர் மீது பெரும்பழி சுமத்தினர். பகவான் சங்கத்தைக் கூட்டி, அவரை நேரில் வினவினார். "என்னைப் பற்றித் தாங்கள் அறிவீர்களே" என்று தப்பர் விடையிறுத்தார். பகவான் அவ்விடையை ஏற்கவில்லை. செய்திருந்தால் செய்தேன் என்றும், செய்யவில்லையெனில் செய்யவில்லை என்றும் சொல்ல வேண்டுமென்றார். தாம் செய்யவில்லை எனத் தப்பர் தெளிவாக உரைத்தபின், தூண்டியவர்கள் வினவப்பட்டு உண்மை வெளிவந்தது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். 'அவர் நல்லவர், எனக்குத் தெரியும்' என்பதை விசாரணைக்கு மாற்றாகப் பகவான் கொள்ளவில்லை. 'பழி வந்துவிட்டது, ஆகவே நீக்குக' என்றும் கொள்ளவில்லை. பெயர் பெற்றவர்க்கும் விசாரணை உண்டு. பழிக்கு ஆளானவர்க்கும் விசாரணை உண்டு. பிறர் குற்றத்தை எடுத்துரைப்பவன் தக்க காலத்தில், உண்மையை, மென்மையாக, பயன் கருதி, அன்புள்ளத்தோடு உரைக்க வேண்டுமென ஐந்து நெறிகளையும் பகவான் வகுத்தருளினார். தேநீர்க் கடையில் நாம் பேசும் பேச்சு இவ்வைந்தில் எத்தனையைத் தாங்கும்?

ஒருவருடைய சீலத்தை எங்ஙனம் அறிவது? தவசிகளைக் கண்டு வணங்கிய பசேநதி மன்னருக்கு, நெடுங்காலம் உடனுறைந்து, கூர்ந்து நோக்கியே ஒருவர் சீலத்தை அறியலாகும் என்று பகவான் உணர்த்தினார். நாமோ திரையில் மூன்று மணி நேரம் ஒருவனைப் பார்த்துவிட்டு, அவன் உத்தமன் என்றும் அயோக்கியன் என்றும் சாதிக்கிறோம்.

இவ்விடத்தில் நம்மவர்க்கென்று ஒரு கடமை இருக்கிறது. செய்யாத குற்றத்திற்காகப் பிறப்பினாலேயே பழிக்கப்படுவது இன்னதென்று நம் முன்னோர் நன்கறிவர். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றவாளிகள் என்று எழுதிவைத்தது. அது நாடெங்கும் ஒழிய 1952ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஏழைக் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞன் பந்தோடு மேலெழும்போது, 'அந்த இடத்துப் பையனா? அப்படித்தான் இருப்பான்' என்னும் முணுமுணுப்பு இன்றும் எழுவதுண்டு. பிறப்பினால் அன்று, வினையினாலேயே ஒருவன் இழிந்தவனாகிறான் என்ற தம்மத்தை ஏற்ற நாம், அம்முணுமுணுப்புக்கு நம் நாவைக் கடனாகத் தரலாகாது.

அதுபோலவே மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 'நன்றாகச் சம்பாதிக்கிறார், சங்கத்திற்காக உழைக்கிறார். வீட்டில் கை நீட்டினால் என்ன, வெளியில் பேசாதே' என்று நம்மிடையே எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறோம்! ஆட்டக்காரனின் திறமைக்காக அவன் குற்றத்தை மன்னிக்கும் ரசிகனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? கிரிக்கெட் வீரனைப் பற்றிப் பேசுகையில் எளிதாக வரும் அறச்சீற்றம், நம் அண்டை வீட்டிலும் நம் சொந்த வீட்டிலும் வருவதில்லை. தொலைவில் இருப்பவனிடம் நீதி கேட்பதற்குச் செலவில்லை; அருகில் இருப்பவனிடம் கேட்பதற்கே துணிவு வேண்டும்.

தம்மம் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள நேர்மையான உறவு என்று போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார். அவ்வாறாயின், குற்றம் என்பது செய்தவனுக்கும் நோவுற்றவருக்கும் இடையே நிகழ்ந்தது. ஏல விவாதங்களிலோ நோவுற்றவரே காணப்படுவதில்லை. கொல்லப்பட்ட பெண்ணும், குத்துண்ட பெண்ணும், இழித்துரைக்கப்பட்ட பெண்களும் பேச்சிலிருந்து மறைந்துவிடுகின்றனர்; அணியின் இலாபமும் நட்டமுமே எஞ்சுகின்றன. இதுவே அவ்விவாதங்களின் பெருங்குறை. நடத்தையைப் பற்றிப் பேசுவது தவறன்று. நடத்தையை விலையாக்கிப் பேசுவதே தவறு.

ஆகவே, நம் இளைஞர்கள் வாய் திறக்குமுன் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம். நான் சொல்லப்போவது அறிந்ததா, கேட்டதா? கேட்டதெனில் 'ஆம்' என்பதை உதிர்க்காமல் சொல்கிறேனா, அல்லது சொல்லாமலே இருப்பது மேலா? அடுத்து, நோவுற்றவர் யார். அவருக்கு நியாயம் கிடைத்ததா? இறுதியாக, செய்தவன் அதன்பின் என்ன செய்தான், ஒப்புக்கொண்டானா, மாறினானா? இம்மூன்றுக்கும் விடை தெரியாதவிடத்து மௌனம் கோழைமையன்று. விடை தெரிந்தவிடத்தோ, அவன் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரனாயினும், மௌனம் நடுவுநிலைமையன்று.

அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், தமிழ் மக்கள் வாழும் தெருவிலே, பகவான் புத்தர், டாக்டர் அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் உருவங்களோடு கால்பந்து வீரர் பெலேயின் உருவத்தையும் நிறுவியிருக்கின்றனர். ஆட்டத்தை அத்துணை நேசிக்கும் மக்கள் நம் மக்கள். அந்நேசம் வாழ்க! ஆனால் அங்கே முதலில் நிற்பவர் யார் என்பதையும் நாம் மறவாதிருப்போமாக. பெலேயைப் போல் பந்தை உதைக்க எல்லோராலும் ஆகாது. நாவைக் காப்பது எல்லோராலும் ஆகும்.

அனைத்துயிரும் நலமுறுக!