பொற்குடமும் பொன்னூர்ப் படிகளும்



பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்தான் பொற்கொல்லன். குடத்தை விரும்பியவன் வருந்தினான். மகுடத்தை விரும்பியவன் மகிழ்ந்தான். பொன்னை மட்டுமே விரும்பியவன் வருந்தவுமில்லை, மகிழவுமில்லை. ஆப்தமீமாம்சையில் சமந்தபத்திர ஆசாரியர் காட்டும் உவமை இது. தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒரு பொருளிடத்தே ஒருங்கே உள்ளன என்னும் தத்துவத்தை இதைவிட எளிதாக விளக்க இயலாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சியில் நமக்குக் கற்பித்ததை, அவர் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்!

நம்மிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். வந்தவாசிப் பகுதியில் பிறந்து, சென்னையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகக் கணக்கு எழுதி வருபவர். ஊதியத்திற்குக் குறைவில்லை, உள்ளத்தில்தான் சோர்வு. "எதற்காக ஓடுகிறேன் என்றே தெரியவில்லை, டீச்சர்" என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்குச் சென்றிருக்கிறார். பாட்டியார் வீடு கைமாறிவிட்டது. நீந்தப் பழகிய குளம் தூர்ந்து கிடந்தது. ஓட்டுக் கூரைப் பள்ளி இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். ஜினாலயத்தில் பகவான் மட்டும் அன்று போலவே அமர்ந்திருந்தார். மறுநாள் பொன்னூர் மலைக்குச் சென்றார். சிறுவயதில் மலைத்து நின்று ஏறிய படிகள் இப்போது சிறியனவாகத் தோன்றினவாம். "தேடிப் போனது எதுவும் அங்கே இல்லை" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

இது நகைத்து ஒதுக்கத்தக்க வருத்தம் அன்று. உடனே அநித்திய பாவனையை எடுத்தோதி, எல்லாம் நிலையாதவை என்று கூறி அனுப்பிவிடுவது நமக்கு உடன்பாடில்லை. பசித்து வந்தவனிடம் நோன்பின் சிறப்பைப் பேசுவது போன்றது அது.

அவர் தேடியது குடத்தை. குளமும் கூரையும் பரியாயங்கள். அவற்றைக் கண்டு களித்த சிறுவனும் பரியாயமே. ஆனால், அன்று படிகளை உயரமாகக் கண்டதும் இன்று சிறியனவாகக் கண்டதும் ஒரே உயிரன்றோ? காண்பதும் அறிவதும் இயல்பாக உடைய அவ்வுயிரே பொன். அதனை அவர் ஊரில் விட்டுவிட்டு வரவுமில்லை, அலுவலகத்தில் இழந்துவிடவுமில்லை.

பொன்னூர் மலைமேல் நாம் வணங்குவது குந்தகுந்த ஆசாரியரின் திருவடிச் சுவடுகளை. மழைக்காலத்து நான்கு திங்கள் நீங்கலாக ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமை ஜின முனிவர்களின் ஒழுக்கம். தமக்கென்று ஊர் ஒன்று வைத்துக்கொள்ளாத ஒருவரின் சுவடுகளிடத்தே, நம் ஊர் ஏக்கத்தைச் சுமந்துகொண்டு போய் நிற்கிறோம்!

மீட்கத்தக்கதும் ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் பிள்ளைகளையெல்லாம் அழைத்து உணவிட்ட பாட்டியாரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவர்க்கு அது நாள்தோறும் இயலாது, ஞாயிற்றுக்கிழமை இயலும். சாமாயிகத்திற்கு வேண்டுவதும் ஒரு முகூர்த்தம், 48 நிமிடமே. மின்ரயிலில் அவர் அமர்ந்து செல்லும் நேரம் அதனினும் அதிகம். இவற்றை எடுத்துச் சொன்னோம்.

மூன்று வாரங்களாக ஞாயிறுதோறும் விளக்கேற்றுமுன் அவர் வீட்டில் உணவு முடிந்துவிடுகிறதாம். மகளுக்குத்தான் இன்னும் பழகவில்லை. எட்டு மணிக்கெல்லாம் பசிக்கிறது என்கிறாளாம்.