இடியும் வினையும்

இடி முழங்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று நாமஞ் சொல்லித் தைரியம் கொள்வதும், இடி விழுந்து ஒருவர் மாண்டால் அது அவர் செய்த வினையின் பயன் என்று கூறி அமைவதும் நம் முன்னோரின் வழக்கங்கள். உலகில் இடிமழை மிகுந்த பிரதேசங்களுள் ஒன்றாகிய மலாயாத் தீபகற்பத்தில், 1929ஆம் ஆண்டில் தோன்றிய போ தோட்டம் முதலிய தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கும் கேமரன் மலையில் நின்று எண்ணும்போது, இவ்விரண்டில் முன்னதைப் பக்தியென்று போற்றலாம். பின்னதை அவ்வாறு ஏற்பதற்கில்லை.

ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்ந்து கருமேகமாகத் திரள, அதனுள் பனித்துகளும் மென் ஆலங்கட்டியும் மோதிப் பிரிவதால், மேகத்தின் மேற்பகுதி நேர்மின்னேற்றமும் கீழ்ப்பகுதி எதிர்மின்னேற்றமும் பெறுகின்றன. அம்மின்சக்தி பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை கொதித்து, கணப்பொழுதில் வெடித்து விரியும் ஓசையே இடி. மேகத்திலிருந்து இறங்கும் மின்னல் பெரும்பாலும் சுற்றுப்புறத்தில் உயர்ந்து நிற்பதையே நாடும். தேயிலைச் செடியையோ இடுப்பளவுக்குக் கவாத்துச் செய்து வைத்திருக்கிறோம். ஆகவே மரமற்ற சரிவில் கொழுந்து பறிப்பவரே யாவற்றினும் உயரமானவர். அவர் புண்ணியவானா பாவியா என்று மின்னல் விசாரிப்பதில்லை. ஐரோப்பாவில் இடியை விரட்டுவதற்காகத் தேவாலய மணியை அடித்த பக்தர்கள் பலர், உயர்ந்த கோபுரத்தினடியில் நின்ற காரணத்தாலேயே மாண்டனர்.

‘காரணம் இயற்கையே ஆயினும், அக்கணத்தில் அவர் அங்கே நிற்க நேர்ந்தது ஏன்?’ என்று ஆஸ்திகர் வினவலாம். நியாயமான வினாவே, வினையும் உலகப் பொருள்களைக் கருவியாகக் கொண்டே பயன் தரும் என்பது நம் சமயக் கொள்கை, அதனை மறுக்க விஞ்ஞானத்திடம் கருவியில்லை. ஆனால் பிறருடைய வினைக்கணக்கைப் படிக்கும் ஞானம் நமக்கு அருளப்படவில்லை. அவருடைய உயிரைக் காக்கும் அறிவோ அருளப்பட்டிருக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தன் துன்பத்தை வினையென்று பொறுப்பது சாந்தி. பிறர் துன்பத்தை வினையென்று விட்டுவிடுவது தயையின்மை.

ஆதலின், இடியோசை கேட்டவுடன் கொழுந்துக் கூடையை இறக்கச் சொல்லி, தொழிலாளரை மரத்தடிக்கன்றிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ அனுப்பி, கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் கழியும்வரை வேலையை நிறுத்திவைப்பது தோட்டத்தை நடத்துவோரின் தர்மம். அதனைச் செய்யாமல் ஓர் உயிர் போயின், அங்கே விசாரிக்கத்தக்க வினை மாண்டவருடையது அன்று, நிறுத்தாதவருடையது.