கரையும் அலையும்

சென்ற ஆண்டு சில மாதங்கள் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் நகருக்குச் சற்றுத் தொலைவில் குடியிருக்கும் என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே ஒரு நாள் காலையில், தம் பேத்திக்கென்று ஆறு மாத காலம் சிரத்தையோடு தைத்திருந்த ஒட்டுப்போர்வையின் மேல்துணியை அவர் கூடத்துத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு, அதன் நான்கு பக்கத்துக் கரையும் கடலோரத்து ஈரமணலைப் போல மேடும் பள்ளமுமாக நெளிந்து கிடப்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நடுப்பாகம் பாயைப் போலத் தட்டையாகப் படிந்திருந்தது. கரை மட்டும் படிய மறுத்தது. ஓரிடத்தை அவர் உள்ளங்கையால் அழுத்தினால், அலை அங்கிருந்து நகர்ந்து அடுத்த முழத்தில் போய் எழுந்தது. “வேலை அத்தனையும் நடுவில்தானே, தம்பி? ஓரத்தில் நாலு பட்டையை வைத்துத் தைத்ததற்கா இந்தப் பாடு?” என்று அவர் கேட்டபோது, தையலைப் பற்றிக் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார், எனக்கோ அந்தக் கேள்வி, பல ஆண்டுகளாக விடை காணாமல் நான் ஒதுக்கி வைத்திருந்த வேறொரு கேள்வியின் மேல் போய்த் தைத்தது.

அந்த வட்டாரம் ஆமிஷ் மக்களின் வட்டாரம். 1693-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்திலும் அல்ஸாஸிலும் வாழ்ந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்குள், யாக்கோப் அம்மான் என்ற போதகர் வற்புறுத்திய கண்டிப்பான ஒழுக்கத்தை ஒட்டி ஏற்பட்ட பிளவில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து பென்சில்வேனியாவில் நிலை கொண்ட சமூகம் அது. ஒட்டுப்போர்வைக் கலையை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அண்டை அயலாரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் பூப்போட்ட துணியைத் தவிர்த்து, ஒரே நிறத்துக் கம்பளித் துணிகளை மிதி இயந்திரத்தில் இணைத்து, பஞ்சும் அடித்துணியும் கூட்டிய பின் மூன்று அடுக்கையும் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுப் பிணைத்து, அந்தக் கலைக்குத் தங்கள் முகத்தையே கொடுத்துவிட்டார்கள். முனை மேலாக நிறுத்திய ஒரு பெரிய சதுரம், அதன் நான்கு புறமும் நான்கு முக்கோணங்கள், சுற்றிலும் அகன்ற கரை: லங்காஸ்டர் போர்வைகளில் பேர்பெற்ற அமைப்பு இவ்வளவுதான். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்திய பிறகு, கட்டிலில் கிடந்த இந்தக் கலையை உலகம் நிமிர்ந்து பார்க்கலாயிற்று. கட்டிலில் விரித்த போர்வையின் கரை நெளிந்தால் அது மடிப்போடு மடிப்பாக மறைந்து போகும். சுவரில் தொங்கும்போது மறைய இடம் இல்லை.

தமக்கையார் எடுத்துக்கொண்டதும் சதுரமும் முக்கோணங்களுமான அந்த லங்காஸ்டர் அமைப்பைத்தான். சந்தையில் ஆப்பிள் வெண்ணெயும் ஊறுகாயும் விற்கும் ஆமிஷ் மூதாட்டி ஒருவர் அவருக்குப் பழக்கம். அவர் வந்து பார்த்தார். துணியைத் தொடக்கூட இல்லை. “எங்கே வைத்து அளந்தாய்?” என்று மட்டும் கேட்டார். அக்கா அளக்கவே இல்லை. நீளமான பட்டையை வெட்டி, விளிம்போடு விளிம்பாக வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியதைக் கத்தரித்துவிட்டார். போதாமல் போவதைக் காட்டிலும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது என்பது அவர் எண்ணம். கிழவியார் டேப்பை வாங்கி, துணியின் நட்டநடுவே மேலிருந்து கீழாக ஓடவிட்டார்: 60 இஞ்சு. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே இரு புறமும் அளந்தார்: ஒரு புறம் 60¼, மறுபுறம் 60½. கரையைப் பிரித்த பிறகு விளிம்பில் அளந்தபோது 61 இருந்தது. பிரித்தெடுத்த பட்டையோ 61½! உள்ளே எடுத்த மூன்று அளவுகளின் சராசரி 60¼. ஆக ஒன்றேகால் இஞ்சு மிகுதிதான் அத்தனை அலைக்கும் காரணம்.

விளிம்பு நீண்டது எப்படி என்பதில்தான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. பாவின் வழியே பிடித்து இழுத்தால் துணி அசைந்து கொடுப்பதில்லை. ஊடையின் வழியே சிறிது கொடுக்கும். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் மூலைவாட்டில் இழுத்தாலோ ரப்பரைப் போல நீளும். நடுச்சதுரத்தைச் சுற்றி வரும் நான்கு முக்கோணங்களுக்கு, அதே அளவுள்ள இன்னொரு சதுரத்தை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் போதும், கணக்கு அழகாகச் சரிவரும். அக்காவும் அப்படித்தான் வெட்டினார். ஆனால் அவ்வாறு வெட்டும்போது முக்கோணத்தின் நெட்டைப்பக்கம் நேர்நூலாகவும், போர்வையின் வெளிவிளிம்பாக வந்து நிற்கவேண்டிய குட்டைப்பக்கங்கள் இரண்டும் கிராஸாகவும் அமைந்துவிடுகின்றன. சிறிய சதுரங்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே மூலைவிட்டத்தில் மட்டும் பிளந்திருந்தால் நேர்நூல் வெளியே வந்திருக்கும். கிராஸ் வெளியே வந்ததால், எடுத்தபோதும் வைத்தபோதும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்காமல் இழுத்துத் தேய்த்தபோதும், விளிம்பு யாரும் அறியாமல் நீண்டுகொண்டே போயிற்று. அப்படி நீண்ட விளிம்பையே அளவாகக் கொண்டு பட்டை தைக்கப்பட்டது. பட்டையை அடியில் வைத்துத் தைத்ததால், ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளும் பற்கள் அதை இன்னும் சிறிது கூடுதலாகவே உள்ளே வாங்கிக்கொண்டன.

கிழவியார் இதை விளக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் லங்காஸ்டரில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் காசியிலிருந்து திரும்பிய வாரத்தில், இனி நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜபம் செய்வது என்று நான் ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். கங்கையின் குளிர்ச்சி உடம்பை விட்டு அகலாத அந்த நாட்களில் இரண்டு மணி நேரம் அற்பமாகத் தோன்றிற்று. மூன்று மாதம் கழிவதற்குள், ஜபத்தின் நடுவே கடிகாரத்தைப் பார்ப்பவனாகவும், பால்காரரின் மணியோசைக்குச் சினப்பவனாகவும், அந்தச் சினத்தை வீட்டார் மீது கொட்டுபவனாகவும் ஆகிவிட்டிருந்தேன். என் பக்தியில் குறைவு நேர்ந்துவிட்டது என்று அப்போது வருந்தி, குறையை நிரப்ப இன்னும் ஒரு மாலை ஜபத்தைக் கூட்டிக்கொண்டேன். அதாவது நெளிந்த கரையோடு இன்னொரு பட்டையை வைத்துத் தைத்தேன். யாத்திரையில் என் உள்ளம் கிராஸாக இழுபட்டு நீண்டிருந்தது என்பதையும், அந்த நீட்சியையே என் இயல்பான அளவு என்று கொண்டு விரதத்தை வெட்டிவிட்டேன் என்பதையும், டேப் ஓடிய அந்தக் காலைப் பொழுதில்தான் உணர்ந்தேன்.

நியமம் என்பது வாழ்க்கையின் மேல் வெளியிலிருந்து வைத்துத் தைக்கப்படுவதா, வாழ்க்கைக்குள்ளிருந்தே அளந்து எடுக்கப்படுவதா என்பதுதான் நான் ஒதுக்கி வைத்திருந்த கேள்வி. கரைப்பட்டை வேறு, நடுத்துணி வேறு என்பதில் ஐயமில்லை. நியமம் வெளியிலிருந்தே வருகிறது. ஆனால் அதன் அளவு நடுவிலிருந்து வரவேண்டும். அதுவும் ஓரிடத்து அளவாக இராமல், மூன்று இடங்களின் சராசரியாக வரவேண்டும். மெய்சிலிர்த்த ஒரு தருணமும், சோர்ந்து கிடந்த ஒரு மாலையும், எந்த விசேஷமும் அற்ற ஒரு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துதான் ஒருவனுடைய அளவு. கரை நீண்டுவிட்டால் அனுஷ்டானம் அன்பை மிஞ்சி ஆடம்பரமாக நெளிகிறது. குறைந்துவிட்டாலோ கரை நேராக நிற்கும், நடுப்பாகம் கவிழ்த்த கிண்ணத்தைப் போல உப்பிவிடும். அளவுக்கு மீறி இறுக்கிய ஒழுக்கத்துக்குள் அடைபட்ட மனிதரை நாம் கண்டதில்லையா?

பிட்சுக்களின் துவராடை இதற்கு ஒரு பழைய சாட்சி. மகதத்து வயல்கள் வரப்பும் பாத்தியுமாகக் கிடந்ததைப் பார்த்த புத்தர், அந்த அமைப்பிலேயே துண்டுகளை இணைத்து ஆடை சமைக்கும்படி ஆனந்தரிடம் கூறினார் என்று விநய பிடகம் சொல்கிறது. துண்டுகளின் ஓரத்து நூல் பிரிந்து உதிர்ந்தபோது கரை வைத்துத் தைக்கவும் அந்தப் பிடகமே அனுமதி தருகிறது. அலங்காரத்துக்காக வந்த கரை அன்று அது. உள்ளே உள்ள நெசவு அவிழ்ந்து போகாமல் காக்க வந்தது. அது மட்டுமன்று, பிட்சுக்களுக்குரிய விதிகள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே முழுநீளமாக வெட்டி வைக்கப்படாமல், ஒரு நிகழ்ச்சி நேர்ந்த பிறகு, அதை விசாரித்து அறிந்து விதிக்கப்பட்டதாகவே அந்த மரபு கூறுகிறது. ஆமிஷ் மக்களின் நெறிமுறையும் பெரும்பாலும் எழுதப்படாதது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னால் ஒவ்வொரு சபையும் கூடி, அந்த நெறியைத் தங்களுக்குள் மறுபடி உறுதி செய்துகொள்கிறது. அவர்களும் ஆண்டுக்கு இருமுறை டேப்பை எடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அளவு நடுவிலிருந்து வரவேண்டும் என்பதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் கௌதி என்னும் போர்வையைத் தைக்கும்போது, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள்; அங்கே கரைதான் முதலில் வருகிறது. குழந்தைகளை வளர்ப்பதும் அப்படித்தானே, உள்ளம் உருவாகும் முன்பே ஒழுக்கத்தைப் பழக்குகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தப் பெண்கள் வெறும் வெளியில் கரை போடுவதில்லை. அடியில் விரித்த பழைய புடவைதான் அளவைத் தருகிறது. குழந்தைக்கும் அடியில் ஒரு புடவை இருக்கிறது: அதைப் பெற்றவர்களின் வாழ்க்கை. அவர்கள் வாழாத நீளத்துக்குப் பிள்ளைக்குக் கரை வெட்டினால் அதுவும் நெளியத்தான் செய்யும்.

‘மர்யாதா’ என்ற வடசொல்லுக்கு எல்லை, கடலின் கரை என்பவை பொருள். நாம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு வணக்க உபசாரத்துக்குப் பெயராக்கிவிட்டோம். ஆற்றுக்கும் கரை, புடவைக்கும் கரை, பிறவிக்கும் கரை என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு, அலை கடலுக்கு உரியது, கரைக்கு உரியதன்று என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்காவின் நெளிந்த கரைக்குப் பரிகாரம் என்ன? நீராவி இஸ்திரியால் அலையை அமுக்கிவிடலாம் என்று அக்கா முயன்றிருந்தார். சிறிய நெளிவு அதற்கு அடங்கும், ஒன்றேகால் இஞ்சு அடங்காது. பிரிப்பதுதான் வழி. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக, துணியை மேலும் இழுத்துவிடாமல் பிரித்து, விளிம்புக்கு எட்டில் ஒரு பங்கு இஞ்சு உள்ளே தள்ளி ஒரு வரி காவல் தையல் ஓட்டினார். புதிய பட்டையைப் பாவின் வழியே 60¼ இஞ்சுக்கு வெட்டி, பட்டையையும் விளிம்பையும் பாதியாகவும் காலாகவும் மடித்துக் குறியிட்டு, முதலில் இரு முனைகளிலும் பிறகு நடுவிலும் பிறகு கால்களிலும் குண்டூசி குத்தினார். விளிம்பின் மிகுதி முக்கால் இஞ்சு. அதை ஒரே இடத்தில் விட்டால் கொசுவமாகிவிடும்; அறுபது இஞ்சுக்கும் பரப்பிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. மிகுந்திருந்த நடுத்துணியை இம்முறை அடியில் வைத்தார்; முன்பு அலையை வளர்த்த அதே பற்கள், இப்போது அந்த மிகுதியைச் சிறிது சிறிதாக உள்வாங்கிக்கொண்டன. இழுபட்ட விளிம்பை வெட்டி எறியாமல், அளவுள்ள கரையோடு இணங்க வைப்பதே இந்த வித்தை. ஆமிஷ் மக்கள் தங்கள் சமய வாழ்வின் சாரமாகக் கொண்ட ‘கெலாஸன்ஹைட்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கும் விட்டுக்கொடுத்து அமைதல் என்பதே பொருள்.

பரிபூரணம் கடவுளுக்கே உரியது என்பதால் ஆமிஷ் பெண்கள் போர்வையில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. போர்வைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. வைத்த பிழை யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. அக்காவை நடுவில் அளக்க வைத்தது அழையாமல் வந்த அலை; என் இரண்டு மணி நேரத்தைப் பிரித்து அரை மணியாகத் தைக்க வைத்ததும் அதுவே. அந்த அரை மணியில் நான் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

மூன்று பக்கங்கள் முடிந்து, விரித்துப் பார்த்தபோது கரை தரையோடு படிந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் நெல்மணி உயரத்துக்கு ஒரு மேடு. நடுவில் போடும் நெருக்கத்திலேயே கரையிலும் ஓட்டுத்தையல் போட்டால் அது அடங்கிவிடும் என்று கிழவியார் சொல்லியிருந்தார். கரையைத் தையலின்றி விட்டுவிடுவதும் அலைக்கு ஒரு காரணமாம். நான்காவது பக்கத்துக்கு அக்கா டேப்பை எடுத்தார். பழக்கத்தால் ஓரத்தை நோக்கிப் போன கை பாதியில் நின்று, நடுவுக்குத் திரும்பிற்று.