நான்காம் இடம்

இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையில் உழவர்கள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறார்கள். நிலத்தைப் பண்படுத்துவதும் விதைப்பதும் அவர்களது செயல். மழையும் சந்தை விலையும் அவர்களது ஆணைக்கு உட்பட்டவை அல்ல. விளைச்சல் பொய்க்கும்போது, ‘பலன் நம் கையில் இல்லை’ என்று உழைத்தவன் கூறுகிறான். விதைக்க வேண்டிய நாளில் சோம்பிக் கிடந்தவனும் அதையே கூறுகிறான். சொல் ஒன்றுதான். அது எப்போது ஞானம் ஆகிறது? எப்போது வெறும் சாக்காகிறது?

பலனைப் பற்றிய இக்கேள்வி விளையாட்டுக் களத்தில் இன்னும் கூர்மையாக எழுகிறது. பல ஆண்டு உழைப்புக்கு அங்கே சில நொடிகளில் மதிப்பெண் இடப்படுகிறது. திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று.

1993-ஆம் ஆண்டு பிறந்த தீபாவுக்குப் பாதங்கள் தட்டையானவை. ஓடுவதற்கும் தரையில் ஊன்றி நிற்பதற்கும் அது பெருந்தடை. பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தியின் வழிகாட்டுதலில், இடைவிடாத பயிற்சியால் அக்குறையை அவர் வென்றார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார்.

அங்கே ‘வால்ட்’ எனப்படும் தாண்டுதல் பிரிவின் இறுதிச்சுற்றில் அவர் செய்தது ‘புரொதுனோவா’ என்னும் தாவல். வேகமாக ஓடிவந்து, மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் இருமுறை முன்னோக்கிக் கரணம் அடித்துத் தரையிறங்க வேண்டும். சற்றே பிசகினாலும் உயிருக்கே ஆபத்து. அவர் பெற்ற மதிப்பெண் 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை பெற்றதோ 15.216. வேறுபாடு 0.150 மட்டுமே, தீபாவுக்கு நான்காம் இடம்.

அப்போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் புரொதுனோவாவை முயலவே இல்லை. அப்படியானால் துணிந்தவர் அறிவற்றவரா? தவிர்த்தவர் கோழையா? இரண்டும் அல்ல. தன் ஆற்றலின் எல்லையை அறிந்து அதற்கேற்பச் செயலைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். ஆயிரக்கணக்கான முறை பயின்ற பின் துணிவது வேறு, பயிலாமல் பாய்வது வேறு.

2017-இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2018-இல் துருக்கியின் மெர்சின் நகரில் நடந்த உலகச் சவால் கோப்பைப் போட்டியில் தங்கம். பின்னர் வந்தது வேறு வகைச் சோதனை. 2021-இல் அளித்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் அவருக்கு 21 மாதத் தடை விதிக்கப்பட்டது. 2023 ஜூலையில் அது முடிவுற்றது. அறியாமல் உட்கொண்டதாக அவர் கூறினார்.

அறநெறி சார்ந்த நுட்பமான இடம் இதுவே. அறியாமல் நேர்ந்ததற்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமா? தன் உடலில் சேர்வது எதுவாயினும் அதற்கு வீரரே பொறுப்பு என்கிறது விளையாட்டு விதி. கடுமையாகத் தோன்றினாலும், உடன் போட்டியிடுபவர்களுக்கு நீதி கிடைக்க அது தேவைப்படுகிறது. நோக்கம் தூயதாக இருந்தால் மனம் குற்ற உணர்விலிருந்து விடுபடலாம். விளைவிலிருந்து விடுபட முடியாது. தவறி உடைத்த பானைக்கும் விலை கொடுத்தாக வேண்டும். ‘பலன் என் கையில் இல்லை’ என்பவர், தாம் விரும்பாத பலன் வரும்போதும் அதைத் தாங்கியாக வேண்டும். பெருமை தரும் பலனை மட்டும் தனதென்று கொண்டாடி, சிறுமை தரும் பலனை விதியின் மீது சுமத்துவது பற்றின்மை ஆகாது.

தடை நீங்கியபின் தீபா மீண்டும் பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பினார். 2024 மே மாதம் தாஷ்கெண்டில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியில், தமது முப்பதாம் வயதில், 13.566 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் தங்கம் அது. ஆயினும் அவ்வாண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

பதக்கம் தவறிய நாளிலும், தடையின் நாட்களிலும், தங்கம் வென்ற நாளிலும் அவர் கையில் இருந்தது ஒன்றே: மறுநாள் காலைப் பயிற்சி. ‘பலன் நம் கையில் இல்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் மண்வெட்டியை எடுப்பவன் வாயில் அச்சொல் ஞானம். மண்வெட்டியைக் கீழே போடுவதற்காகச் சொல்பவன் வாயில் அது சாக்கு.