இடையில் நின்ற கல்வி

இளங்கலைப் பட்டம் பெற்றபின் வீட்டுச் சுமைக்காகப் படிப்பை நிறுத்திய ஒருவர், ஆறேழு ஆண்டுகள் கழித்து முதுகலை வகுப்பில் சேர விரும்பினால், "இனி எதற்குப் படிப்பு?" என்று கேட்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அக்கேள்வி நியாயமானதுதானா என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் நெசவாளர் வாழும் ஊர். தறியில் ஓர் இழை அறுந்தால் அங்கு எவரும் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. முனைகளைப் பிணைத்து மேலே நெய்கின்றனர். நூலிழைக்குக் காட்டும் பரிவைப் பெற்ற மக்களின் கல்விக்குக் காட்ட மறுப்பானேன்?

வயது கடந்துவிட்டது என்பார் சிலர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் கி.பி. 1026-இல் மறைந்தவருமான இமாம் கஃப்பால் அல்மர்வஸீ, பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்து, முப்பது வயதளவில் கல்வி தேடப் புறப்பட்டவர். 'கஃப்பால்' என்றாலே பூட்டுச் செய்பவர் என்பதுதான் பொருள். நம் காலத்தில், இலங்கையின் ம. மு. உவைஸ் அவர்கள் தம் முதுகலை ஆய்வை 1953-இல் நூலாக்கினார். முனைவர் பட்டம் பெற்றதோ 1970-களில்தான். 1979-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராக அமர்ந்தார். இடைவெளி அன்னாரின் தகுதியைக் குறைத்ததில்லை.

இளையோருடன் ஒரே பலகையில் அமர வெட்கமா? நபி மூஸா (அலை) அவர்களே ஹிள்ரு (அலை) அவர்களிடம் கற்பதற்காகப் பயணம் போனதைக் கஹ்ஃபு அத்தியாயம் கூறுகிறது.

எனினும், மனைவி மக்களின் ஹக்கை மறந்து ஏட்டைத் தேடுவது முறையன்று. வீட்டாரைக் கலந்து, வருவாய்க்கு வழி கண்ட பின்னரே புறப்படுதல் வேண்டும். ஆனால் ஹக்கு ஒருபக்கத்தது மட்டுமன்று. தங்கையரின் நிக்காஹுக்காகத் தன் படிப்பை நிறுத்திய மகனுக்கு அந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. "நிக்காஹ் முடியட்டும், பிறகு படிக்கலாம்" என்று மருமகளுக்குக் கொடுத்த வாக்கும் ஓர் அமானிதமே. குழந்தை பிறந்தது என்பதற்காக அவ்வாக்குச் செல்லாக்காசு ஆகிவிடாது. சேலத்திலேயே 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டபின், தொலைவைக் காரணம் காட்டவும் இவ்வட்டாரத்தார்க்கு இடமில்லை.

பட்டம் எதற்கு என்று படிக்கப் போகிறவர் தம் நிய்யத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்தப் படிப்பு யாருக்காக நின்றது என்று வீட்டார் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது கேள்விக்கு நேர்மையாக விடை கண்டவர்கள், மருமகள் வகுப்புக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைத் தாமே வாங்கிக்கொள்வார்கள்.