பாலை யாருக்கு?

'புறம்போக்கு' என்னும் சொல்லை நாம் இன்று வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். ஆனால் அதன் பழைய பொருள் மதிப்புடையது. தனியொருவருக்கு உரிமையாகாமல், வரிக்கும் உட்படாமல், ஊரின் பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. மேய்ச்சலும் சுடுகாடும் நீர்நிலையும் அதற்குள் அடங்கும். 'எல்லாருக்கும் உரியது' என்பது 'யாருக்கும் உரியதன்று' என்று மெல்லத் திரிந்து, இறுதியில் 'வலியவனுக்கு உரியது' என்றாகிவிடும் வீழ்ச்சியை அச்சொல்லின் வரலாற்றிலேயே காணலாம். இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்க நாட்டின் மேற்கே, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கை முன்வைத்து, பொது நிலத்தைப் பங்கிடும் அறத்தைச் சற்றே சிந்திக்க விழைகிறோம்.

மொஹாவியின் தென்பகுதியில் ட்வென்டிநைன் பாம்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 'இருபத்தொன்பது பனைகள்' என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள மாரா என்னும் நீரூற்றைச் சுற்றிச் செரானோ, செமெகுவேவி என்னும் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர். இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது மரைன் படையின் மாபெரும் பயிற்சித்தளம். 1952இல் நிறுவப்பட்ட அத்தளம் ஏறத்தாழ 5,96,000 ஏக்கர் பரப்புடையதாய் இருந்தது. அதன் மேற்கெல்லையை ஒட்டிக் கிடப்பதே ஜான்சன் பள்ளத்தாக்கு. வறண்ட ஏரிப்படுகைகளும் கரும்பாறைக் குன்றுகளும் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 1,88,000 ஏக்கர் பொது நிலம், சாலையில்லா இடத்தில் ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டி மகிழ்வோருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. அப்போது நாட்டிலேயே இத்தகைய பகுதிகளுள் இதுவே மிகப் பெரியதாக இருந்தது. 2007 முதல் ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் பாறையேற்ற வாகனப் பந்தயத்தைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது.

இந்த நிலத்தைத்தான் மரைன் படை கேட்டது. மூன்று பட்டாளங்களைக் கொண்ட பெரும்படைப்பிரிவு ஒன்று, உண்மையான குண்டுகளைச் சுட்டுக்கொண்டே இரவும் பகலும் முன்னேறி ஓரிடத்தில் ஒன்றுசேரும் பயிற்சிக்கு இருக்கும் இடம் போதாது என்பது அதன் வாதம். வண்டியோட்டிகள் எதிர்த்தனர். ஆண்டுக்கணக்கில் வழக்காடல் நீண்டது.

இதை முதலில் கேள்விப்படும் எவரும் உடனே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுவர். 'ஒரு பக்கம் நாட்டின் காவல். மறுபக்கம் வெறும் விளையாட்டு. இதில் என்ன சிக்கல்?' நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அந்தத் தீர்ப்பு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

படையின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை இகழ்வது தகாது. போரை ஒரு நாடு தேர்ந்தெடுப்பது சரியா என்பது ஒரு கேள்வி. தேர்ந்தெடுத்தபின் பத்தொன்பது வயது இளைஞனைப் பயிற்சியின்றிக் களத்துக்கு அனுப்பலாமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு 'ஆகாது' என்பதைத் தவிர வேறு விடையில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, முழுப்போரின் கொடுமையைக் கண்டித்தபோதே, நாட்டுக்காகப் படைப்பணி புரிவோர் மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணியாளராகத் தம்மைக் கருதவேண்டும் என்றும் கூறியது. அவ்வாறு பணியாற்றுவோருக்குப் பயிலும் இடம் வேண்டும் என்பது நியாயமே.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழுகிறது. 'இது எனக்கு இன்றியமையாதது' என்று சொல்பவரே, அது இன்றியமையாததா என்று தீர்மானிக்கும் நடுவராகவும் இருக்கலாமா? தேவை என்னும் சொல்லுக்கு எல்லை கிடையாது. பீரங்கியின் எட்டுத்தொலைவு கூடக்கூட நிலத்தின் தேவையும் கூடும். இன்று போதும் என்ற எல்லை பத்தாண்டுக்குப்பின் போதாது. ஆகவேதான் நாட்டுக்காவல் என்ற சொல் கேட்டவுடன் மற்ற வாதங்கள் எல்லாம் வாய்மூடிக்கொள்ள வேண்டும் என்னும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. வாதத்தின் கனம் வேறு. அதைச் சொல்லும் குரலின் கனம் வேறு.

இனி விளையாட்டு. உடலுழைப்பாலும் சம்பளத்தாலும் வாழும் குடும்பம் ஒன்று வார இறுதியில் கூடாரமும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு பாலைக்குச் செல்கிறது. பணக்காரருக்குத் தனித் தோட்டமும் கடற்கரை வீடும் உண்டு. இவர்களுக்கு இருப்பது பொது நிலமே. தந்தை தம் கையாலேயே செப்பனிட்ட வண்டியை மகனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இரவில் நெருப்பைச் சுற்றி மூன்று தலைமுறையினர் அமர்ந்திருக்கின்றனர். இதை வீண் என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. ஓய்வு நாளைக் கட்டளையாகவே தந்த மறையைச் சார்ந்தவர்கள் நாம். ஓய்வை உழைப்பின் எச்சமாகக் கருதும் உரிமை நமக்கில்லை.

அவர்களுடைய மனக்குறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிபோர்னியப் பாலைக்கென 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காப்புப் பகுதி ஒன்று அமைந்தது. 1980இல் வகுத்த திட்டம், வண்டிகள் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்று எல்லை வகுத்தது. 1994இல் வந்த பாலைக் காப்புச் சட்டம் ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி ஆகியவற்றைத் தேசியப் பூங்காக்களாக்கியது. இவை நல்ல செயல்களே. எனினும் ஒவ்வொரு முறையும், 'அங்கே போகாதே, இங்கே போ' என்று காட்டப்பட்ட இடங்களுள் ஒன்றுதான் ஜான்சன் பள்ளத்தாக்கு. காட்டிய இடத்தையும் பின்னர் எடுத்துக்கொள்வதானால் முன்னே சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு?

இருப்பினும் வண்டியோட்டிகளின் கைகளும் தூயவை அல்ல என்பதை மறைக்கலாகாது. 2010 ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் இரவுப் பந்தயத்தின்போது வண்டி ஒன்று பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து எட்டுப் பேர் மாண்டனர். பாலையின் மேல்மண் உயிருள்ள மெல்லிய தோல் போன்றது. அதைக் கிழிக்கச் சக்கரம் ஒருமுறை உருண்டால் போதும். ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். 1942இல் தளபதி பேட்டனின் படைகள் வட ஆப்பிரிக்கப் போருக்காக மொஹாவியில் பயின்றபோது டாங்கிகள் பதித்த தடங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. சக்கரம் படையினுடையதா, பொழுதுபோக்குக்காரருடையதா என்று மண் பார்ப்பதில்லை.

2013 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சமரசத்தைச் சட்டமாக்கியது. ஏறத்தாழ 43,000 ஏக்கர் பொழுதுபோக்குக்கென்றே விடப்பட்டது. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட ஏக்கர் இருவருக்கும் பொதுவாயிற்று. ஆண்டில் இருமுறை, முறைக்கு முப்பது நாள் படை பயன்படுத்தும், மற்ற நாள்களில் மக்கள் செல்லலாம். வெடிக்காமல் மண்ணில் தங்கிவிடக்கூடிய குண்டுகளை அந்தப் பொதுப் பகுதியில் சுடலாகாது என்றும் விதிக்கப்பட்டது. எஞ்சிய பெரும்பகுதி தளத்தோடு சேர்ந்தது. 2019 மார்ச்சில் வந்த மற்றொரு சட்டம், ஜான்சன் பள்ளத்தாக்கு உட்பட ஆறு இடங்களை வண்டிப் பொழுதுபோக்குப் பகுதிகளாக நிலைப்படுத்தியது.

இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இடத்தைப் பிளக்காமல் காலத்தைப் பங்கிடுவது அறிவார்ந்த வழி. நம் ஊர்களில் ஒரே வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சும் உழவர்களுக்கு இது புதிதன்று. முறைநீர் என்பது வெறும் கணக்கு மட்டுமன்று. என் முறை முடிந்ததும் மடையை நானே அடைப்பேன் என்று அண்டை வயல்காரர் என்னை நம்புவது. குண்டு பொழிந்த நிலத்தை முப்பது நாளுக்குப்பின் பிள்ளைகள் விளையாடத் திருப்பித் தருவதற்கு அத்தகைய நம்பிக்கை இன்னும் பன்மடங்கு வேண்டும்.

ஆயினும் பங்கீடு முடிந்த பிறகுதான் நம் மனத்தை உறுத்தும் செய்தி வருகிறது. அந்நிலத்தில் மூன்றாவதாக ஓர் உயிரினம் குடியிருந்தது. மொஹாவி பாலை ஆமை 1990 முதல் அமெரிக்க அரசின் அழிவபாயப் பட்டியலில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இவ்வுயிர், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்வளைக்குள்ளேயே கழிக்கிறது. மழை பெய்யும்போது குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கிறது. அச்சுறுத்தித் தூக்கினால் அந்நீரை வெளியேற்றிவிடும். பின்னர் மழையில்லாவிடில் தாகத்தால் சாகும். பயிற்சிக்காக இடத்தைக் காலிசெய்யவேண்டி, 2017இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளைப் பிடித்து, பெட்டிகளில் வைத்து, ஹெலிகாப்டர்களில் ஏற்றி வேறிடத்தில் விட்டனர். நல்லெண்ணத்தோடும் மிகுந்த செலவோடும் செய்த பணிதான். ஆனால் அதற்குமுன் 2008இல் அருகிலுள்ள ஃபோர்ட் இர்வின் தளத்திலிருந்து இடம்மாற்றப்பட்ட ஆமைகளுள் பலவற்றைக் காட்டுநாய் இனமான கொயோட்டுகள் கொன்றுவிட, அப்பணியை நிறுத்திவைக்க நேர்ந்ததும் தெரிந்த செய்தியே.

ஆமை பெரிதா, மனிதன் பெரிதா என்று கேட்பது நம் நோக்கமன்று. மனித உயிரைக் காக்க ஆமைகள் இடம்பெயரத்தான் வேண்டும் என்றால் பெயரட்டும் என்று வாதிக்க இடமுண்டு. நம்மை உறுத்துவது வேறு. வலிய இருவர் விட்டுக்கொடுத்து மனநிறைவோடு கைகுலுக்கும்போது, விட்டுக்கொடுத்ததன் சுமை யார்மேல் இறங்கியது என்று பார்ப்பவர் எவர்? படைக்குத் தலைநகரில் குரல் உண்டு. வண்டியோட்டிகளுக்குச் சங்கங்களும் வாக்குகளும் உண்டு. மாரா ஊற்றின் பழங்குடியினர் அங்கே கடைசியாக எண்ணப்பட்டோர். ஆமையோ எண்ணப்பட்டதெல்லாம் தூக்கிச் செல்வதற்காகவே. ஒவ்வொரு படைப்புக்கும் மனிதனுக்குப் பயன்படுவதற்கு அப்பால் இறைவன் திருமுன் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' மடலில் எழுதியபோது, இத்தகைய மேசைகளையும் மனத்தில் கொண்டிருப்பார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஆண்டவர் பாலைநிலத்தில் நாற்பது நாள் தங்கியதைச் சொல்லும் மாற்கு நற்செய்தியாளர், காட்டு விலங்குகளிடையே இருந்தார் என்பதையும் விடாமல் குறிக்கிறார். மிகச் சுருக்கமாக எழுதும் அவர் அந்த ஒன்றைச் சுருக்கவில்லை.

2024இல் கலிபோர்னிய மாநிலம் இந்த ஆமையை முன்னிலும் கடுமையான அபாயநிலைக்கு உரியதாக மாற்றத் தீர்மானித்தது. இனி ஒவ்வோர் ஆண்டும் அந்த முப்பது நாள்களை எந்த மாதங்களில் வைப்பது, பந்தயத் தடத்தை எந்த வழியாகக் கொண்டுசெல்வது என்று இரு தரப்பாரும் அமர்ந்து பேசத்தான் வேண்டும். இளவேனிலில், மழைக்குப்பின் பூத்த சிறு செடிகளைத் தின்ன ஆமைகள் வளையைவிட்டு வெளியே வருகின்றன. நாள்காட்டியை விரிக்கும்போது அந்தச் சில வாரங்களையும் ஒருவர் விரல்வைத்துக் காட்டவேண்டும்.