மருந்தின் ஐந்தாம் கூறு

தீங்கு செய்யும் எண்ணம் எவரிடத்தும் இல்லாதபோதும் தீங்கு விளையுமாயின், அதற்குப் பொறுப்பாளர் யாவர்? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இதனை இன்று வைத்தியசாலையின் கழிவுநீர்க் கான் நம்முன் புதிதாக எழுப்புகின்றது.

நோயாளரின் உடலிலிருந்து வெளியேறும் பற்றீரியாக்களும் அவர் உண்ட மருந்தின் எச்சமும் ஒருங்கே சென்றடையும் இடம் அக்கான். குழாயின் உட்சுவரிற் படியும் வழுவழுப்பான படலத்தில் பல்வேறு பற்றீரியாக்கள் நெருங்கி வாழ்கின்றன. மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகை ஓரினம் மற்றோரினத்துக்குக் கைமாற்றவும் வல்லது. அப்படலத்தை உண்டு வளரும் சிறு பூச்சியும், கழிவில் மொய்க்கும் இலையானும், இரவில் ஊர்ந்து திரியும் கரப்பொத்தானும் அவற்றைக் காலிலும் குடலிலும் சுமந்து செல்லக்கூடியன. வைத்தியசாலைகளிற் பிடிக்கப்பட்ட இலையான்களிலும் கரப்பொத்தான்களிலும் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்கள் இருத்தலைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. வன்மை மிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் நொதியத்தை ஆக்கும் பற்றீரியாக்கள் பற்றி, சென்னை ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010 இல் கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் 44 சென்னையிற் பெறப்பட்டவை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வொன்று, புதுடில்லியின் தெருவோரத் தேங்குநீர் மாதிரிகள் 171 இல் 51 இலும், குழாய்நீர் மாதிரிகள் 50 இல் 2 இலும் அப்பரம்பரையலகைக் கண்டது. வைத்தியசாலையின் மதிற்சுவர் நோய்க்கு எல்லையாகாது என்பது இதனாற் பெறப்படும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் நிகழ்த்திய நோபல் உரையிலேயே இவ்வாபத்தை முன்னுணர்த்தினார். ஒருவன் குறைந்த அளவில் மருந்துண்ண, அவனிடம் வலுப்பெற்ற கிருமி மனைவியைத் தொற்ற, அவள் மருந்து பயனின்றி இறப்பதாக அவர் ஒரு கற்பனை கூறினார். அங்கே தவறியவனும் இறந்தவளும் ஒரே வீட்டினர். பொறுப்பாளி யார் என்பதும் வெளிப்படை. கானோ இத்தொடர்பை அறுத்துவிடுகின்றது. விதைத்தவரும் அறுப்பவரும் ஒருவரையொருவர் என்றும் அறியார்.

கொழும்பு நகரின் கழிவுநீர்த் தொகுதி வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனைக்கு அயலான முகத்துவாரத்திலும் கடலை நோக்கி வாய்திறந்துள்ளது. மாடி வீட்டின் கழிவும் வாடகை அறையின் கழிவும் குழாயினுள்ளே வேறுபாடின்றிக் கலக்கின்றன. மேலே இனம், மொழி, வருமானம் என்று பிரிந்து வாழும் நாம், நிலத்தின் கீழே ஒரே சமூகமாயிருக்கிறோம்!

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. இன்று ஐந்தாவது கூறொன்றையும் சேர்த்தல் வேண்டும்: அவ்வறையில் இல்லாத, முகமறியாத பிறன். நாம் உண்ணும் ஒவ்வொரு நுண்ணுயிர்க்கொல்லியும் அவனுக்குரிய பொதுச் செல்வத்திலிருந்து ஒரு பங்கை எடுக்கின்றது.

ஆயின், காய்ச்சலாற் கொதிக்கும் குழந்தையை மடியிலேந்திய தாயிடம் முகமறியாத பிறனைப் பற்றிப் போதித்தல் தகுமா? நாட்கூலியை இழக்க இயலாது, பாதி மருந்தோடு வேலைக்குத் திரும்புபவனைக் குற்றவாளியாக்கலாமா? தகாது. எல்லாரும் பொறுப்பாளர் என்று கூறி அமைந்தால் எவரும் பொறுப்பாளரல்லர் என்பதே முடிவாகும். அறியும் வாய்ப்பும் செய்யும் ஆற்றலும் எவரிடம் மிகுதியோ அவரிடமே கடமையும் மிகுதி. எனவே தேவையின்றி மருந்தெழுதும் மருத்துவரும், கானைப் பழுதுபார்க்காத நிர்வாகமும், கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பணம் ஒதுக்காத அரசும் முதல் வரிசையில் நிற்பர். படித்த நாம் அடுத்த வரிசையினர். தடிமனுக்குத் தாமே மருந்து வாங்கி உண்பாருள் நம்மவரும் உளர்.

உலகில் 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அம்மரணங்களுக்குப் பூச்சியைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. மருந்து தெளித்து அதனைக் கொல்லுதலும் எளிது. பூச்சியோ நாம் கானில் விட்டதையே நம்மிடம் மீளக் கொணர்கின்றது. அதற்குத் தெரிவு இல்லை. ஆதலின் குற்றமும் இல்லை. தெரிவுடையவர் நாமே.